பூங்கா நிலத்தில் தோட்டம் போட்டோம், இனி அது யாருக்குச் சொந்தம்?

சென்னைப் புறநகரில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். ஆளும் இடமும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 61. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருக்கும் லேஅவுட் தொண்ணூறுகளின் கடைசியில் அப்ரூவல் வாங்கியது. நடுவில் ஏழு கிரவுண்டுக்கு ஒரு காலி இடம். வரைபடத்தில் 'பார்க்' என்று போட்டிருக்கிறது. ஆனால் இருபது வருஷமாக அங்கே வந்ததெல்லாம் சீமைக்கருவேலமும் வீடு இடித்த கழிவும் கோழிக்கடைக் குப்பையும்தான். 2018-ல் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, முருங்கை, வாழை, அகத்தி, அவரைப் பந்தல், கீரைப் பாத்தி என்று ஒரு தோட்டமே போட்டுவிட்டார்கள். காய்கறியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது வீடும் பங்கிட்டுக்கொள்கிறது. யாரோ முருங்கைக் கிளையை முறித்துப் போட்ட பிறகு, போன வருஷம் வேலியும் கதவும் பூட்டும் வந்தன. அங்கே கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்த பின்தெருப் பையன்கள் இப்போது உள்ளே வர முடியாது.

இப்போது மூன்று பிரச்சனைகள். தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்காரரின் மகளுக்கு டெங்கு வந்தது. அவர் புகார் கொடுக்க, சுகாதார ஆய்வாளர் வந்து தோட்டத்து டிரம்மில் கொசுப்புழு இருப்பதைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்தில் சமுதாயக் கூடம் கட்டப்போகிறார்கள் என்று வார்டில் பேச்சு அடிபடுகிறது. இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், "12 வருஷம் அனுபவத்தில் வைத்திருந்தால் இடம் உங்களுக்கே சொந்தம். அதுவரைக்கும் விடாதீங்க. ஒரு பிள்ளையார் கோயிலைக் கட்டிட்டா யாரும் கை வைக்க முடியாது" என்று யோசனை சொல்லியிருக்கிறார். "நாங்கள் செய்தது தப்பா? இடத்தை எப்படிக் காப்பாற்றுவது?" என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் ஒன்று. நீங்கள் செய்தது நல்ல காரியம். அதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் குப்பை மண்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். சில மனைகளைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்தார்கள், சிலவற்றில் குப்பையை மட்டும் அகற்றினார்கள், மீதியை அப்படியே விட்டார்கள். பசுமையாக்கிய மனைகளின் அக்கம்பக்கத்தில் மனச்சோர்வாக இருப்பதாகச் சொன்னவர்களின் அளவு, அப்படியே விட்ட இடங்களோடு ஒப்பிடும்போது சுமார் 41 சதவீதம் குறைந்திருந்தது. 2018-ல் வெளிவந்த ஆய்வு இது. அந்த மனைகள் பெரிய பூங்காக்கள் இல்லை, உங்கள் தெருவில் இருப்பது போன்ற சாதாரண மனைகள். ஆகவே உங்கள் தோட்டத்தால் ஊருக்கு நன்மை உண்டு என்று தாராளமாக வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தைக் கெடுக்கிற சில காரியங்களையும் நீங்களே செய்துவைத்திருக்கிறீர்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த 12 வருஷக் கணக்கு

இதை மறந்துவிடுங்கள். 12 வருஷ எதிரிடை அனுபவம், அதாவது இன்னொருவர் இடத்தை நெடுங்காலம் வைத்திருந்தே சொந்தமாக்கிக்கொள்வது, பெரும்பாலும் தனியார் நிலத் தகராறில் பேசப்படுவது. அரசு நிலம் என்றால் 1963-ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி 30 வருஷம். பூங்காவுக்கென்று ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைத்த இடத்தில் வருஷத்தை எண்ணிக் காட்டி ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை. கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கும்படி 2011-லேயே உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எவ்வளவு காலமாக இருந்தார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதெல்லாம் சாக்கு ஆகாது என்றும் அதில் சொல்லியிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒரு காரணம் இருக்கிறது. எதிரிடை அனுபவம் கோருகிறவர், "இது இன்னொருவர் இடம் என்று தெரிந்தும் அவருக்கு எதிராக, எனக்கே சொந்தம் என்கிற எண்ணத்தில்தான் வைத்திருந்தேன்" என்று நிரூபிக்க வேண்டும். நீங்கள் அப்படிச் சொன்ன மறு நிமிஷமே, "பொதுமக்களுக்காகப் பூங்காவைப் பராமரித்தோம்" என்கிற உங்கள் உண்மையான பலம் போய்விடும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியாது. பட்டா கேட்டு ஒரு மனு எழுதினாலும், அது நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

பக்கத்து நகரில் பி மெமோ வாங்கி வைத்திருக்கிறார்கள், நாமும் வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பி மெமோ என்பது ஆக்கிரமிப்பு செய்திருக்கிறீர்கள் என்று வருவாய்த் துறை தருகிற நோட்டீஸ். அதற்குக் கட்டுகிற பணம் அபராதம். அந்த ரசீதை உரிமைப் பத்திரம் போல பீரோவில் பத்திரப்படுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிள்ளையார் கோயில் யோசனையைக் கண்டிப்பாகக் கைவிடுங்கள். பொதுத் தெரு, பூங்கா போன்ற இடங்களில் அனுமதியில்லாமல் எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் புதிதாகக் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கோயில் எழுப்பினால், தோட்டத்துக்கு ஆதரவாகப் பேசக்கூடிய அதிகாரியும் கையை விரித்துவிடுவார்.

உங்களுக்கு இருக்கும் உண்மையான உரிமை

நிலத்தின் மேல் உங்களுக்கு உரிமை இல்லை. அது திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று கேட்கிற உரிமை இருக்கிறது. அது உங்கள் ஒன்பது குடும்பத்துக்கு மட்டுமல்ல, அந்த லேஅவுட்டில் மனை வாங்கிய எல்லாருக்கும் உண்டு.

சென்னைப் பெருநகரப் பகுதியில் நெடுங்காலமாக இருக்கும் விதி இது: குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட லேஅவுட் போட்டால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். இடம் என்கிறோம். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க வழி உண்டு. அதற்கு மேல் போனால் இடத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் ஏழு கிரவுண்ட் சுமார் 1,560 சதுர மீட்டர். அது பத்து சதவீதம் என்றால் உங்கள் லேஅவுட் 15,000 சதுர மீட்டரைத் தாண்டியது. ஆக, உங்கள் லேஅவுட்டில் இடமே உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த விதி செல்லாது என்று சென்னையிலிருந்து போன வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் வழக்கில், விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

அப்படி ஒப்படைத்த இடத்தை உள்ளாட்சி தன் விருப்பப்படி மாற்றலாமா? 1991-ல் பெங்களூர் வழக்கு ஒன்றில் இதற்குப் பதில் கிடைத்தது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை உச்ச நீதிமன்றம். பூங்கா என்பது அந்தப் பகுதி மக்களின் உடல்நலத்துக்கும் நல்ல சூழலுக்கும் தேவையானது, அதை வேறு உபயோகத்துக்குத் திருப்ப முடியாது என்று சொல்லி ஒதுக்கீட்டை ரத்து செய்தது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்பது வழக்கின் பெயர். மனுவில் இதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

பூட்டு

நீங்கள் கேட்காத கேள்வி இது. எனக்கு முதலில் கண்ணில் பட்டதும் இதுதான்.

நாளைக்கு நீங்கள் உயர் நீதிமன்றம் போனால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு புகைப்படத்தை நீட்டுவார். வேலி, கதவு, கதவில் பூட்டு. "இவர்கள் பூங்காவைக் காப்பாற்ற வரவில்லை, ஒன்பது வீட்டுக்குக் காய்கறித் தோட்டம் போட வந்தவர்கள்" என்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. பின்தெருப் பையன்கள் வெளியே நிற்பது உண்மை. அவர்கள் வீடுகளில் மொட்டை மாடி கிடையாது, வாசலில் திண்ணைகூடக் கிடையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இடம் மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

முருங்கைக் கிளையை முறித்தது உங்களுக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று புரிகிறது. முருங்கை லேசில் முறிகிற மரம், பையன் ஒருவன் ஏறினாலே போதும். ஆனால் வெட்டிய இடத்தில் அது மறுபடி துளிர்த்துவிடும். அதற்காகப் போட்ட பூட்டு உங்கள் வழக்கையே முறித்துவிடக்கூடும்.

என் யோசனை: காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 7 என்று நேரம் எழுதிக் கதவைத் திறந்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு இடத்தை விளையாடுவதற்கு விடுங்கள். ஓரமாக வேம்பு, புங்கன், நாவல் என்று நிழல் மரங்கள் வையுங்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது, அதனால் மனுவில் நிழல் மரங்களைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்க்கலாம். பாத்திகளைப் பின்தெருக் குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். தான் நட்ட அவரைப் பந்தலை ஒரு பையன் இன்னொருவனை உடைக்க விடமாட்டான். இந்த ஒரு மாற்றத்தால் உங்கள் தரப்பு ஒன்பது குடும்பத்திலிருந்து இரண்டு தெருவாகப் பெருகும், கவுன்சிலரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்.

கோட்டூர்புரம் மரப்பூங்காவை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அடையாற்றங்கரையில் குப்பை மேடாகக் கிடந்த அரசு நிலம் அது. 2006 முதல் நிழல் என்கிற தன்னார்வ அமைப்பினர் அக்கம்பக்கத்து மக்களையும் சேர்த்துக்கொண்டு மரம் நட்டு வளர்த்தார்கள். நிலம் அரசாங்கத்திடமேதான் இருக்கிறது. யாரும் பட்டா கேட்கவில்லை, ஆனால் மரங்கள் நிற்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர்

கடிதத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள், "பொறாமையில் புகார் கொடுத்தார்" என்று. நான் அப்படி நினைக்கவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நம் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது வெகு தூரம் பறக்காது. அவர் வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியில் உங்கள் டிரம் இருந்திருக்கிறது. அவருடைய மகளுக்குக் கொசு அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

டிரம்மைக் கவிழ்த்துவிட்டோம் என்கிறீர்கள். அது போதாது. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்புறச் சுவரில் ஒட்டவைக்கிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மின் உட்பக்கத்தை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, பிறகு தண்ணீர் பிடித்துத் துணியால் இறுக்கி மூட வேண்டும். செடி வளர்க்கும் பைகளுக்கு அடியில் வைத்திருக்கும் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், வாழையின் இலைக்கணு இவற்றையும் பாருங்கள். என்றைக்குச் செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்த நோட்டு பின்னால் ஆதாரமாக உதவும்.

சட்டப்படி அவருக்கு வழி இருக்கிறது. 1939-ம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தில் உள்ளாட்சி நோட்டீஸ் கொடுக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) பொதுத் தொல்லை என்று மனுக் கொடுத்து உத்தரவு வாங்கலாம். அந்த உத்தரவு தொல்லையை நீக்கத்தான், தோட்டத்தையே அழிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் விஷயத்தை அதுவரை கொண்டுபோகாதீர்கள். அவர் வீட்டுக்குப் போய், பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். அவர் வீட்டுப் பக்கம் இருக்கும் பத்தடியில் வாழையும் தண்ணீர்த் தொட்டியும் இல்லாமல் காலியாக விட்டுவிடுங்கள்.

மண்ணும் மின்சாரமும்

மண் பரிசோதனை செய்துவிட்டோம், நல்ல மண் என்று வந்தது என்கிறீர்கள். வேளாண்மைத் துறையின் மண்வள அட்டை தழை, மணி, சாம்பல் சத்துகளையும் துத்தநாகம், இரும்பு போன்றவற்றையும் கார அமில நிலையையும்தான் சொல்லும். ஈயத்தைச் சொல்லாது. உங்கள் இடத்தில் இருபது வருஷம் கட்டடக் கழிவு கொட்டியிருக்கிறார்கள். பழைய பெயின்ட், பேட்டரி இவற்றிலெல்லாம் ஈயம் இருந்திருக்கக்கூடும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் தனியாகச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை கீரையையும் முள்ளங்கியையும் தரைப் பாத்தியில் போட வேண்டாம், வேறு இடத்து மண் நிரப்பிய பையில் போடுங்கள். கீரையிலும் கிழங்கிலும்தான் ஈயம் அதிகம் ஏறும், முருங்கைக்காயிலும் அவரைக்காயிலும் குறைவு. குழந்தைகள் விளையாடுகிற பகுதியில் புல் படர்ந்திருக்கட்டும், வெறும் புழுதியாக விட வேண்டாம்.

அப்புறம் அந்த மோட்டார். உங்கள் வீட்டிலிருந்து வயர் இழுத்து ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பில் நானே கட்டுகிறேன், அரசாங்கத்துக்கு நஷ்டமில்லை என்கிறீர்கள். மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில், இணைப்பு கொடுத்த இடத்துக்கு வெளியே மின்சாரத்தைப் பயன்படுத்துவதே அனுமதியற்ற பயன்பாடுதான். கட்டணத்தை இரண்டு மடங்காகப் போடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு: ஈர மண்ணில் கிடக்கும் வயர், அங்கே ஓடியாடும் பிள்ளைகள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தற்போதைக்குக் குழாய் இழுத்துக் கையால் ஊற்றுங்கள், அனுமதி வந்த பிறகு மாநகராட்சி பெயரில் இணைப்பு கேட்கலாம்.

சமுதாயக் கூடம் வருகிறதா?

முதலில் அது பேச்சா, கோப்பா என்று தெரிய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போடுங்கள், ஒன்று மாநகராட்சிக்கு, ஒன்று லேஅவுட்டுக்கு அப்ரூவல் தருகிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.). பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேட்க வேண்டியவை: அப்ரூவல் ஆன லேஅவுட் வரைபடத்தின் சான்றிட்ட நகல், பூங்கா இடத்தின் தானப் பத்திர எண்ணும் தேதியும், அந்த இடம் மாநகராட்சியின் பூங்காப் பதிவேட்டில் இருக்கிறதா என்ற விவரம், அங்கே கட்டடம் கட்ட மன்றத் தீர்மானமோ நிர்வாக அனுமதியோ உண்டா என்ற விவரம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கூடவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரமே பதிவாகாமல் இருந்தால், லேஅவுட் போட்டவரின் வாரிசுகள் இடத்தை மனையாக விற்கிற ஆபத்து உண்டு. கூடத்தைவிட அது பெரிய ஆபத்து. அப்படித் தெரியவந்தால் உடனே சி.எம்.டி.ஏ.வுக்கும் ஆணையருக்கும் எழுதுங்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஏழு பேர் இருந்தால் 1975-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் சங்கத்தைப் பதிவு செய்யலாம், அந்த ஏழில் பின்தெருக்காரர்களும் இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் ஆணையருக்கு மனு: இடம் மாநகராட்சியுடையது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். பூங்காவாகப் பராமரிக்க எங்களிடம் ஒப்படையுங்கள், கட்டடம் எழுப்ப மாட்டோம், கட்டணம் வாங்க மாட்டோம், எல்லாருக்கும் திறந்திருக்கும், விளைச்சலை விற்க மாட்டோம் என்று எழுதுங்கள். குடியிருப்போர் சங்கங்களிடம் பூங்காவைப் பராமரிப்புக்குக் கொடுப்பது சென்னையில் நடைமுறையில் இருப்பதுதான். வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாக வையுங்கள். அந்தக் கூட்டங்கள் 2022 நவம்பரிலிருந்து நடக்கின்றன, போகிறவர்கள்தான் குறைவு.

கூடத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்தெருவில் ஒரு வளைகாப்பு நடத்தக்கூட இடமில்லை என்றால், கூடம் கேட்கிறவர்கள் உங்களுக்கு எதிரிகள் இல்லை. "கூடம் வேண்டாம்" என்று மனு எழுதாதீர்கள். "கூடம் வேண்டும், பூங்கா இடத்தில் வேண்டாம்" என்று எழுதி, வார்டில் வேறு எந்த அரசு இடம் பொருந்தும் என்பதையும் சர்வே எண்ணோடு காட்டுங்கள்.

யாராவது முன்சீப் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்றால் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆக்கிரமிப்பில் இருப்பவருக்கு இடத்தின் சொந்தக்காரரான மாநகராட்சிக்கு எதிராகத் தடை உத்தரவு கிடைப்பது அரிது. அங்கே தோற்றால் அந்தத் தீர்ப்பு உயர் நீதிமன்றத்திலும் உங்களைத் துரத்தும். மன்றத் தீர்மானம் நிறைவேறி டெண்டர் விடுகிற கட்டம் வந்தால், அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனுதான் சரியான வழி. பூங்காவாகவே வைத்திருக்க உத்தரவிடுங்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். அதற்கு முன் பூட்டு போயிருக்க வேண்டும், வயர் போயிருக்க வேண்டும், ஆணையருக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை கையில் இருக்க வேண்டும். 2018-க்கு முன் அந்த இடம் கிடந்த கோலத்தைக் காட்டும் படம் யார் போனிலாவது இருந்தால், தேதியோடு பிரின்ட் எடுத்து வையுங்கள்.

செலவுக்குப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருகிறது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. ஆதார் நகலையும் மேலே சொன்ன தாள்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், தானப் பத்திரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அடுத்த அடியைச் சொல்கிறேன்.